உயிர்மீட்பு முறையும் உழவர் பயிற்சியும்

விதை, எரு, நீர்ப்பாய்ச்சல், பூச்சி நிவாரணம் ஆகிய விஷயங்களைப் பற்றியே இப்பத்திரிகையில் மாதந்தோறும் எழுதப்பெறுவது வழக்கம். அவற்றை எல்லாம் கையாண்டு பலன் பெற வேண்டியவன் உழவன். அவன் உயிருடன் இருந்தாலன்றி எந்தச் சீர்திருத்தமும் பயன் தராது. ஆகையால், மூச்சும் நாடியும் நின்று விழுந்த ஒருவரை, வைத்திய உதவி வந்து சேரும் வரையில், அருகிலுள்ளோர் தம் கைகளாலேயே காத்துநிற்கும் முறையைக் கிராமங்களிலுள்ள வயதுவந்தோர் அனைவருக்கும் கற்பிக்க வேண்டும் என்பதையும், அப்பொறுப்பில் விவசாய இலாகாவும் பங்கேற்க வேண்டும் என்பதையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன். சி.பி.ஆர். என்று சுருக்கமாக வழங்கும் இம்முறையை உயிர்மீட்பு முறை என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுவேன்.

"இது சுகாதார இலாகாவின் வேலையல்லவா? நமக்கு இதில் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. நம் கிராமங்களில் திடீர் மரணம் எவ்விடங்களில் நேரிடுகிறது என்பதைக் கவனித்தால் இதற்கு விடை தானே விளங்கும். கிணற்றடி, பம்புசெட் கொட்டகை, வாய்க்கால் மதகு, மருந்து தெளிக்கும் வயல், இடிமழையில் ஒதுங்கும் மரத்தடி, அறுவடைக் காலத்தில் காவலுக்குப் படுக்கும் களம் ஆகியவையே அவ்விடங்கள். இவற்றுள் ஒன்றேனும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு அருகில் இருப்பதில்லை. ஆனால் ஒவ்வொன்றும் நமது இலாகா ஊழியர்கள் அன்றாடம் சென்றுவரும் இடமாகும். வேறு எந்த இலாகாவும் இவ்வளவு நெருக்கமாக வரப்பில் நின்று உழவரோடு பேசுவதில்லை.

நேரத்தின் அருமை

இருதயம் நின்றவுடன் மூளைக்குச் செல்லும் ரத்தமும் நின்றுவிடுகிறது. நான்கைந்து நிமிஷங்களுக்குள் மூளை கெடத் தொடங்கும். தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் 108 என்ற எண்ணில் ஆம்புலன்ஸ் சேவை நடைபெற்று வருகிறது. அது எத்தனையோ உயிர்களைக் காத்துவருவதை யாவரும் அறிவர். எனினும், வண்டி எவ்வளவு விரைந்து வந்தாலும், மண்பாதை கடந்து, வரப்பு தாண்டி, ஐந்து நிமிஷத்திற்குள் ஒரு கிணற்றடிக்கு வந்து சேர்தல் அரிது. அந்த இடைவேளையை நிரப்பக்கூடியவர் பக்கத்து வயலில் வேலை செய்துகொண்டிருப்பவர் ஒருவரே. அவருக்கு முறை தெரிந்திருந்தால் வண்டி வரும்போது காப்பாற்றுவதற்கு ஓர் உயிர் இருக்கும். தெரியாவிட்டால் பெரும்பாலும் சடலத்தை ஏற்றிச் செல்லவே வண்டி உதவும்.

சில வருஷங்களுக்கு முன் எனது எல்லைக்குட்பட்ட ஒரு கிராமத்தில், ஐப்பசி மழையில், மோட்டாரைப் போடச் சென்ற வாலிபன் ஒருவன் மின்சாரம் தாக்கி விழுந்தான். மெயினை அணைக்கும் அறிவு அங்கிருந்தோருக்கு இருந்தது; அதை உடனே செய்தனர். அதன் பிறகு சுமார் இருபது பேர் சூழ்ந்து நின்றனர். ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் கயிற்றுக் கட்டில் எடுத்துவர ஓடினார். கட்டிலில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் இருபத்தைந்து நிமிஷம் கழிந்தது என்று ஊரார் என்னிடம் கூறினர். அவர்களிடம் அன்புக்கோ துணிவுக்கோ குறைவில்லை. அவ்வூரில் திருந்திய நெல் சாகுபடியில் பயிற்சி பெற்றவர்கள் பன்னிரண்டு பேர் இருந்தனர். மார்பை அழுத்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

முறை வளர்ந்த வரலாறு

இன்று உலகெங்கும் கையாளப்பெறும் முறை வெகு பழையதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷேஃபர் என்பவர் வகுத்த முறையில், நீரில் மூழ்கியவரைக் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்துவர். 1932-இல் டென்மார்க் தேசத்தைச் சேர்ந்த ஹோல்கர் நீல்சன், முதுகை அழுத்துவதோடு கைகளைத் தூக்கும் முறையைச் சேர்த்தார். 1950-களில் ஜேம்ஸ் ஈலம், பீட்டர் சஃபார் என்னும் வைத்தியர்கள், இவை எல்லாவற்றினும் வாயோடு வாய் வைத்து ஊதுவதே சிறந்தது என்று நிரூபித்தனர். 1960-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஸ்தாபனத்தைச் சேர்ந்த கூவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர், மார்பை வெளியிலிருந்து தாளகதியில் அழுத்தினால் நின்ற இருதயத்திலிருந்தும் ரத்தம் ஓடும் என்பதை வெளியிட்டனர்.

இவர்களுள் கூவென்ஹோவன் வைத்தியர் அல்லர், மின்சார எஞ்சினீயர். மின்கம்பிகளில் வேலை செய்யும் தொழிலாளர் மின்சாரம் தாக்கி மாண்டுபோவதைத் தடுக்க வழி தேடியதிலிருந்தே அவருடைய ஆராய்ச்சி பிறந்தது. இருபது லட்சத்திற்கு மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ள நமது மாநிலத்தில், மின்சார விபத்தை முன்னிட்டுப் பிறந்த ஒரு முறை பம்புசெட் கொட்டகைக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பது வருந்தத்தக்கதாகும்.

செய்ய வேண்டியது யாது

முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். விழுந்தவரைத் தோளில் தட்டி உரக்கக் கூப்பிட வேண்டும். அவர் பதில் தராமலும் இயல்பாக மூச்சு விடாமலும் இருந்தால், அருகிலுள்ள ஒருவரை 108-க்குப் பேசச் செய்து உடனே வேலையைத் தொடங்க வேண்டும். மீன் வாய் திறப்பது போல இடைவிட்டு இழுக்கும் மூச்சு மூச்சாகாது. அதைக் கண்டு "உயிர் இருக்கிறது" என்று வாளாவிருப்பதே அநேக இடங்களில் நேரும் பெரும் பிழையாகும்.

அவரைக் கட்டிலில் அல்லாமல் கெட்டியான தரையில் மல்லாத்திக் கிடத்தி, மார்பின் நடுவில் ஒரு கையின் அடியங்கையை வைத்து, அதன்மேல் மற்றொரு கையைக் கோத்து, முழங்கை மடியாமல், உடற்பாரம் முழுவதும் இறங்குமாறு சுமார் இரண்டங்குல ஆழம் அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் மார்பு முழுதும் மேலெழ விட வேண்டும். நிமிஷத்திற்கு 100 முதல் 120 முறை என்பது கணக்கு. முப்பது முறை அழுத்தியபின், தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மார்பு எழும்புவது கண்ணுக்குத் தெரியும்படி இருமுறை ஊத வேண்டும். மீண்டும் முப்பது, மீண்டும் இரண்டு. ஒருவருக்கு இரண்டு நிமிஷத்தில் கை ஓய்ந்துவிடும். ஓய்ந்த கை ஆழமாக அழுத்தாது. நெல் குற்றும் பெண்கள் தாளம் தவறாமல் உலக்கை கைமாற்றுவது போல, இடையறாது ஆள் மாற வேண்டும்.

கிராமத்திற்கு ஏற்ற பாடம்

நகரங்களில் இப்போது நடைபெறும் பயிற்சிகள் பெரும்பாலும் மாரடைப்பை மனத்திற்கொண்டு வகுக்கப்பெற்றவை. இந்திய உயிர்மீட்புக் கவுன்சில் என்னும் வைத்தியர் சபையும் பொதுமக்களுக்கு, மூச்சு ஊதாமல் மார்பை மட்டும் அழுத்தும் எளிய முறையையே வகுத்திருக்கிறது. யாதும் செய்யாதிருப்பதைவிட அது எத்தனையோ மடங்கு மேலானது. எளிமையால் அநேகர் அச்சமின்றி முன்வருவர். ஆயினும் அதை மட்டும் கிராமத்திற்குக் கொண்டுவந்து நிறுத்திக்கொள்வது போதாது என்பது என் கருத்து.

காரணம் யாதெனில், நகரத்து மாரடைப்பில் முதலில் நிற்பது இருதயம். ரத்தத்தில் பிராணவாயு சிறிது நேரத்திற்கு எஞ்சியிருக்கும். கிணற்றில் மூழ்கியவருக்கு முதலில் நிற்பது மூச்சு. பிராணவாயு தீர்ந்த பிறகே இருதயம் நிற்கிறது. அவருக்குக் காற்றே மருந்து. ஆகையால் நீரிலிருந்து எடுத்தவருக்கு முதலில் இரண்டு முதல் ஐந்து முறை மூச்சு ஊதிவிட்டு, அதன் பின்பே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும்.

கட்டுவிரியன் கடியிலும் இவ்வாறே. இரவில் தரையில் படுத்திருப்பவரைத் தீண்டும் அப்பாம்பின் கடிவாயில் வலியும் வீக்கமும் அதிகம் தோன்றா. சில மணி நேரத்தில் கண்ணிமை தாழ்ந்து, விழுங்க இயலாமற்போய், மூச்சை இயக்கும் தசைகள் சோர்ந்து விடும். விழி அசையாமல் பிணம்போல் கிடப்பவருக்கு உள்ளே பிரக்ஞை இருப்பதுகூட உண்டு. விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும். அங்கே சேரும் வரையில் வழியிலெல்லாம் மூச்சு ஊதிக்கொண்டே செல்ல ஓர் ஆள் இருந்தால் அவர் பிழைக்க இடமுண்டு. இடி தாக்கியவருக்கும் இருதயம் தானே மீண்டும் துடிக்கத் தொடங்கியபின் மூச்சு மாத்திரம் நின்றிருப்பது உண்டு. இடி விழுந்தவர் உடலில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. அவரை உடனே தொடலாம். பலர் ஒருசேர விழுந்தால், முனகுபவரை விட்டு, அசைவற்றுக் கிடப்பவரையே முதலில் கவனிக்க வேண்டும்.

இவர்களிற் பெரும்பாலோர் நோயற்ற இருதயம் உடைய இளவயதினர். சிறிது நேரம் தாங்கிப் பிடித்தால் பல்லாண்டு வாழக்கூடியவர்கள். மின்சாரம் தாக்கியவர் சிலருக்கு இருதயம் தாறுமாறாய்த் துடிதுடிக்கும். அதைச் சீர்செய்யத் தானியங்கி மின்னதிர்வுக் கருவி வேண்டும். அக்கருவி ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேனும் இருத்தல் நன்று. அது வந்து சேரும் வரையில் உயிரைப் பிடித்து வைத்திருப்பது மார்பின்மேல் வைத்த கைகளே.

காப்பவரின் காப்பு

பயிற்சியில் முதற்பாடமாக இருக்க வேண்டியது காப்பாற்றச் செல்பவர் தம்மைக் காத்துக்கொள்ளும் விதமாகும். மெயினை அணைக்காமல் மின்சாரம் தாக்கியவரைத் தொடலாகாது. பாழுங்கிணற்றிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஒருவர் மயங்கி விழுந்தால் மற்றொருவர் இறங்கலாகாது. அவ்வாறு ஒருவர் பின் ஒருவராக இறங்கி ஒரே குடும்பத்தில் பலர் மாண்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். நீந்தத் தெரியாதவர் கயிறோ, மூங்கிலோ, காலிக் குடமோ வீச வேண்டுமேயன்றி நீரில் குதிக்கலாகாது. பூச்சிமருந்து உட்கொண்டவருக்கோ, அது மேலே பட்டு விழுந்தவருக்கோ நேராக வாய் வைத்து ஊதலாகாது. நனைந்த ஆடையைக் கையுறை அணிந்து களைந்து, நீரால் உடலைக் கழுவச் செய்து, மார்பை மட்டும் அழுத்துவதே தக்கது.

தள்ள வேண்டிய பழக்கங்களும் உள. நீரில் மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்குதல், தோளில் போட்டுச் சுழற்றுதல், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற முயலுதல் ஆகியவற்றால் பொன்னான நிமிஷங்கள் வீணாவதுடன், வயிற்றிலுள்ளது மேலெழுந்து மூச்சுக்குழலை அடைத்தும் விடுகிறது. உப்புக் குவியலில் கிடத்தினால் உயிர் வரும் என்று கைபேசிகளில் உலவும் செய்திக்கு எவ்வித ஆதாரமும் இல்லை.

ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம் போலீசும் கோர்ட்டும் பற்றியது. "தொட்டோம், இறந்துபோனார், பிறகு நம்மை அல்லவா கேட்பார்கள்?" என்பர். ரோட்டு விபத்தில் உதவுவோரைத் துன்புறுத்தலாகாது என்னும் விதிகளுக்கு 2016-இல் சுப்ரீம் கோர்ட் சட்டத்தின் வலிமையை அளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பெற்ற 134-ஏ பிரிவும் அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஏனைய விபத்துகளைப் பொறுத்தமட்டில், சம்மதம் அளிக்க இயலாத நிலையிலுள்ள ஒருவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யப்படும் காரியம் குற்றமாகாது என்பது நம் குற்றவியல் சட்டத்தில் நெடுங்காலமாக உள்ள கொள்கையாகும். பாரதிய நியாய சன்ஹிதையின் 30-ஆம் பிரிவும் அதனையே கூறுகிறது. இவ்விஷயத்தைப் பயிற்சிக் கூட்டத்திலேயே விளக்கிச் சொல்லுதல் அவசியம்.

இரண்டாவது, விலா எலும்பு முறிந்துவிடுமே என்னும் அச்சம். முறிவது உண்டு. முறிந்த எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். நின்ற உயிர் மீளாது. நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறுகிறதே என்று நடவை நிறுத்தும் உழவர் எவருமில்லை.

மூன்றாவது ஆட்சேபத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எல்லாவற்றினும் அதுவே கடினமானது. பிற ஆடவர் ஒரு பெண்ணின் மார்பில் கை வைக்கலாமா? இன்ன ஜாதியார் இன்னாரைத் தொடலாமா, வாயோடு வாய் வைக்கலாமா? இதற்கு நான் காணும் விடை இரண்டு. பெண்களுக்கே முதலில் கற்பிக்க வேண்டும். களையெடுப்பிலும் நடவிலும் கூட்டமாக வேலை செய்பவர் அவர்களே, குழந்தைகளின் அருகிலும் அவர்களே இருக்கின்றனர். அடுத்தபடியாக, ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆட்களை ஒரே இடத்தில், ஒரே பொம்மையின்மேல் பழக்க வேண்டும். ஒரே பொம்மையில் வரிசையாகக் கை வைத்துப் பழகியவர்கள் ஆபத்து வேளையில் எந்தத் தெருவென்று கேட்டுக்கொண்டிரார் என்பது என் நம்பிக்கை. அவ்வாறன்றி, தெருவுக்கு ஒரு கூட்டம் என்று பிரித்து நடத்தினால், உயிரைக் காக்கும் வித்தையும் தெருவோடு நின்றுவிடும்.

கற்பிக்கும் விதம்

வயதுவந்தோருக்குப் பிரசங்கத்தால் எதையும் கற்பிக்க இயலாது என்பதை வயல்விளக்கப் பணியில் இருக்கும் எவரும் அறிவர். 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள் என்று துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டுக் கொடுத்தபோது சிரித்தவர்களே, பக்கத்து வயலில் தம் கையால் நட்டுப் பார்த்தபின் ஒப்புக்கொண்டனர். 1989-இல் இந்தோனேசியாவில் நெற்பயிரின் பூச்சிகளைக் கண்டறியத் தொடங்கப்பெற்ற உழவர் வயல்வெளிப் பள்ளிகளின் வெற்றிக்குக் காரணமும் இதுவே. அங்கே பேசியவர் குறைவு, செய்து பார்த்தவர் அதிகம். உயிர்மீட்பு முறையும் கையால் கற்கும் தொழிலேயன்றிக் காதால் கேட்டுக் கற்கும் கல்வி அன்று.

இதற்கென ஏற்பட்ட பயிற்சிப் பொம்மைகள் உண்டு. அவற்றை வட்டாரத்திற்கு நான்கேனும் வாங்கி, விசைத்தெளிப்பானை இரவல் கொடுப்பது போல வேளாண்மை விரிவாக்க மையத்தில் வைத்து ஊர் ஊராக அனுப்பலாம். பொம்மை கிட்டாத இடத்தில், சாக்கில் இறுகத் திணித்த மூட்டையின்மேல் அழுத்தும் பழக்கத்தையேனும் உண்டாக்கலாம். உயிருள்ளவர் மார்பில் மாத்திரம் ஒருபோதும் பழகலாகாது. எண்ணிக்கைக்கு நெல் அளப்பவரின் வாய்க்கணக்கே போதும். "லாபம், இரண்டு, மூன்று" என்று விறுவிறுப்பாக எண்ணத் தெரிந்தவருக்கு முப்பது எண்ணுவது புதிய வித்தையன்று. எழுத்தறியாமையும் இதற்குத் தடையாகாது.

கற்பிப்பவர் வைத்தியரோ, ஆம்புலன்ஸ் ஊழியரோ, தேர்ந்த செவிலியரோ ஆக இருத்தல் வேண்டும். ஆட்களைத் திரட்டுவதும், இடமும் நேரமும் அறிந்து ஏற்பாடு செய்வதும், மறவாமல் மீண்டும் நடத்துவதுமே நமது இலாகாவின் பங்கு. பால் சங்கம், பாசன சங்கம், மகளிர் சுய உதவிக் குழு, கூட்டுறவுக் கடன் சங்கம் ஆகியவை தயாராக உள்ளன. பூச்சிமருந்துப் பாதுகாப்பைப் பற்றி நாம் நடத்தும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கினால் தனிச் செலவும் அதிகமிராது. ஒருமுறை கற்றது சில மாதங்களில் மறந்துபோகும் ஆதலால், கோடை இடிமழைக்கு முன்பு ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒருமுறையும் ஆண்டுக்கு இருதடவை கை பழக்குதல் வேண்டும்.

பலன் உண்டா

டென்மார்க் தேசத்தில் 2005-இல் பள்ளிக்கூடங்களிலும், அதற்கடுத்த ஆண்டு வாகன லைசென்சு பெறுவோருக்கும் இப்பயிற்சி கட்டாயமாக்கப்பெற்றது. ஆஸ்பத்திரிக்கு வெளியே இருதயம் நின்றவர்களுள், அருகிலிருந்தோரால் மார்பு அழுத்தப்பெற்றவர் 2001-இல் நூற்றுக்கு 21. 2010-இல் நூற்றுக்கு 45. முப்பது நாள் கடந்தும் உயிரோடிருந்தோர் அதே காலத்தில் நூற்றுக்கு 3.5-இலிருந்து 10.8 ஆக உயர்ந்தனர். வைத்திய வசதிகளின் முன்னேற்றமும் இதற்குத் துணைபுரிந்தது என்பது மெய்யே. ஆயினும் ஒரு தேசத்து ஜனங்களின் கைகளைப் பழக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. நீரில் மூழ்கி 2021-இல் உலகில் சுமார் மூன்று லட்சம் பேர் மாண்டனர் என்று கணக்கிட்ட உலக சுகாதார ஸ்தாபனமும், அதைத் தடுக்கும் ஆறு வழிகளுள் ஒன்றாக, அருகிலிருப்போருக்குப் பத்திரமாக மீட்கவும் உயிர்மீட்பு செய்யவும் கற்பிப்பதைக் குறிப்பிட்டுள்ளது.

எல்லோரும் பிழைத்துவிடுவர் என்று எவரும் வாக்களிக்க இயலாது. பத்தில் ஒருவர் பிழைத்தால் என்ன லாபம் என்று கேட்பவர், ஏக்கருக்கு ஒரு மூட்டை அதிகம் விளைவதற்காக நாம் எத்தனை வருஷம் ஊர் ஊராய் அலைகிறோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 16-ஆம் தேதி உலக உணவு தினமாக அனுசரிக்கப்படுவதை நம் இலாகாவினர் அறிவர். அதே தேதி 2018 முதல் உலகெங்கும் உயிர்மீட்புப் பயிற்சி தினமாகவும் கொண்டாடப்பட்டு வருகிறது. வருஷந்தோறும் அன்று நாம் கூட்டுகின்ற கூட்டங்களில், சோறு விளைவிப்போருக்கு இப்பயிற்சியையும் சேர்த்து அளிப்பது பொருத்தமாகும். உழவர் பெருமக்களும் அதுவரையில் காத்திராமல், தம் ஊர்ச் சங்கத்தின் மூலமாக அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அணுகி, இப்பயிற்சிக்கு ஒரு நாள் குறித்துத் தருமாறு கேட்பார்களாக. ஊருக்குப் பத்துப் பேர் கற்றால் போதும். எஞ்சியோர் அவர்களைப் பார்த்துத் தாமே முன்வருவர்.